காற்றுக்கு வழி விடுங்கள்!

வீட்டிலோ பள்ளிக் கணினி அறையிலோ மேசைக் கணினி ஓடிக்கொண்டிருந்தால், அதன் பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று கையில் படும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? பெட்டிக்குள் எதுவும் எரியவில்லை, அடுப்பும் இல்லை. கணினி படம் காட்டுகிறது, பாட்டுப் போடுகிறது, கணக்குச் செய்கிறது. இதற்கெல்லாம் ஏன் சூடாக வேண்டும்?

பிராசஸர் என்ற சில்லுக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி சுவிட்ச். ‘3 கிகாஹெர்ட்ஸ்’ என்று கடையில் சொல்கிறார்களே, அதற்கு ஒரு நொடிக்கு 300 கோடித் துடிப்பு என்று பொருள். ஒவ்வொரு துடிப்பிலும் ஏராளமான சுவிட்சுகள் மாறுகின்றன. ஒன்று மாறும் ஒவ்வொரு முறையும் துளி மின்சாரம் கம்பியில் ஓடி, அங்குள்ள மின்தடையில் வெப்பமாக மாறுகிறது. அது மிக மிகச் சிறிய துளிதான். கோடிக்கணக்கான துளிகள், நொடிக்குக் கோடிக்கணக்கான முறை சேரும்போது அது பெருவெப்பம் ஆகிவிடுகிறது.

ஆற்றல் அழியாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கணினி 100 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய அந்த 100 வாட்டும் வெப்பமாக மாறி அறைக்குள்தான் வந்து சேரும். கணக்குக்கான விடை திரையில் வந்தாலும், அதைக் கண்டுபிடிக்கச் செலவான ஆற்றல் முழுவதும் சூடாகத்தான் மிஞ்சுகிறது.

அந்தச் சூடு பிறக்கும் இடம் எவ்வளவு சிறியது தெரியுமா? பிராசஸரின் மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டு சுமார் 2 சதுர சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 100 வாட் எடுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 வாட் வெப்பம் பிறக்கிறது. உச்சி வெயில் நேராக விழும்போதுகூட ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது 0.1 வாட் அளவுதான். அதைப் போல 500 மடங்கு வெப்பம் நகத்தளவு இடத்தில் பிறக்கிறது! அதை உடனுக்குடன் அள்ளி வெளியே கொண்டுபோகாவிட்டால் சில்லு தாங்காது.

அள்ளிச் செல்லும் பயணம் சில்லின் மேலேயே தொடங்குகிறது. சில்லின் மேல் ஓர் உலோக மூடி. அதன்மேல் தெர்மல் பேஸ்ட் என்ற பசை. அதற்கும் மேலே ஹீட் சிங்க் என்ற உலோகக் கட்டை, அதிலிருந்து வரிசையாக நீளும் மெல்லிய தகடுகள், கடைசியில் விசிறி. இரண்டு உலோகப் பரப்புகளை நேராக ஒட்டி வைத்தால் போதாதா, நடுவில் பசை எதற்கு? பார்வைக்கு வழவழப்பாக இருக்கும் உலோகத்திலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். செம்பு, காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அந்தத் துளிக் காற்றை விரட்டிவிட்டு இடத்தை நிரப்பத்தான் பசை. பட்டாணி அளவு வைத்தால் போதும். நிறையப் பூசினால் பசையே தடையாகிவிடும்.

பெரிய ஹீட் சிங்குகளில் செம்புக் குழாய்கள் வளைந்து செல்வதைப் பார்க்கலாம். அவை எனக்கு மிகவும் பிடித்தமானவை. குழாய்க்குள்ளிருந்து காற்றை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே அந்தத் தண்ணீர் ஆவியாகும். சில்லுக்கு அருகில் ஆவியாகி, தகடுகள் உள்ள குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் அந்தத் தண்ணீரை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவந்துவிடும். இதற்கு மோட்டாரும் வேண்டாம், பம்பும் வேண்டாம். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இத்தகைய வெப்பக் குழாயைச் செய்துகாட்டினார். விண்வெளிக் கருவிகளுக்காக வளர்ந்த நுட்பம் இன்று நம் மேசைக்கு அடியில் வேலை செய்கிறது.

சரி, வெப்பம் தகடுகளுக்கு வந்துவிட்டது. இனிமேல் காற்றின் வேலை. இங்கேதான் பெரியவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. சந்தேகம் இருந்தால், சுவரில் மாட்டும் வெப்பமானியை எடுத்து, ஓடும் மின்விசிறிக்கு நேரே வையுங்கள். அளவு இறங்காது. அப்படியானால் விசிறிக்குக் கீழே நமக்கு மட்டும் ஏன் ஜில்லென்று இருக்கிறது? நமக்கு வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. விசிறி அந்த ஆவியாதலை வேகப்படுத்துகிறது. கணினிக்கு வியர்க்காது. அதற்கு விசிறி செய்யக்கூடியது ஒன்றுதான்: சூடான காற்றைத் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு அறைக் காற்றைக் கொண்டுவருவது.

தகடுகளை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் அசையாமல் நிற்கும். காற்று வேகமாகப் பாயப் பாய இந்தப் படலம் மெலியும், வெப்பம் சுலபமாகத் தாண்டும். தகடுகளை ஒன்றல்ல, ஐம்பது அறுபது என்று அடுக்குவதும் காற்று தொடும் பரப்பைக் கூட்டத்தான்.

அறைக் காற்றை நம்பி நடக்கும் வேலை என்பதால் ஒரு கண்டிப்பான எல்லை உண்டு. அறையைவிடக் குளிர்ந்த நிலைக்கு எந்த விசிறியாலும் சில்லைக் கொண்டுபோக முடியாது. மார்கழியில் அறை 25 டிகிரி இருக்கும்போது சில்லு 65 டிகிரியில் ஓடுகிறது என்று வையுங்கள். அறையைவிட 40 டிகிரி அதிகம். கத்திரி வெயிலில் அறை 38 டிகிரி ஆனால், அதே வேலைக்குச் சில்லு 78 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த 40 அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பெட்டிக்குள் காற்றோட்டத்தைச் சீராக்கினால் அது குறையும்.

இப்போது ஒரு கணக்கு. நோட்டை எடுங்கள். 1,000 லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. (காற்றுக்கு இவ்வளவு எடையா என்று தோன்றும். உண்மைதான்.) ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1,000 ஜூல் ஆற்றல் வேண்டும். எனவே 1,000 லிட்டர் காற்றை 10 டிகிரி சூடாக்க 12,000 ஜூல். விளையாட்டுகளுக்கான கணினி ஒன்று 300 வாட் வெப்பம் விடுகிறது, அதாவது நொடிக்கு 300 ஜூல். 12,000-ஐ 300-ஆல் வகுத்தால் 40. பெட்டிக் காற்று அறையைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, 40 நொடிக்கு 1,000 லிட்டர், அதாவது நொடிக்கு 25 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியேற வேண்டும். நடுத்தரக் கேபினெட்டின் கொள்ளளவே சுமார் 45 லிட்டர்தான். அப்படியென்றால் இரண்டு நொடிக்குள் பெட்டியின் மொத்தக் காற்றும் மாறியாக வேண்டும்! அந்த ஓட்டம் பாதியாகக் குறைந்தால் 10 டிகிரி 20 டிகிரியாகிவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை விசிறி இருக்கிறது?’ என்பதல்ல. காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எதன்மேல் பாய்கிறது, எந்த வழியாகப் போகிறது? இந்த மூன்றையும்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டவர்களும் உண்டு. 1980-ல் ஆப்பிள் நிறுவனம் ‘ஆப்பிள் த்ரீ’ என்ற கணினியை வெளியிட்டது. விசிறிச் சத்தம் ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்காது. அதனால் அந்தக் கணினியில் விசிறி வைக்கவில்லை. கனமான அலுமினிய உடலே வெப்பத்தை வாங்கி வெளியே விட்டுவிடும் என்பது திட்டம். கணினிகள் விற்பனைக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. உள்ளே செருகியிருந்த சில்லுகள் தம் இடத்திலிருந்து தளர்ந்து எழும்பின. புகார் சொன்னவர்களுக்கு நிறுவனம் சொன்ன வைத்தியத்தைக் கேளுங்கள்: கணினியைச் சில அங்குலம் தூக்கி, பொத்தென்று கீழே போடுங்கள், சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும்! சூடு மட்டும்தான் காரணமா, சுற்றுப்பலகையின் நெரிசலும் காரணமா என்பதில் அதை உருவாக்கியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. முதலில் விற்ற 14,000 கணினிகளை ஆப்பிள் மாற்றிக் கொடுக்க நேர்ந்தது.

அதற்கு நேர் எதிரான முயற்சி 2004-ல் நடந்தது. பென்டியம் 4 வரிசையின் சில சில்லுகள் 100 வாட்டைத் தாண்டிவிட்டன. இன்டெல் நிறுவனம் ‘பி.டி.எக்ஸ்.’ என்ற புதிய பெட்டி அமைப்பைக் கொண்டுவந்தது. முன்பக்கம் பெரிய விசிறி, அதற்கு நேரே பிராசஸர், அதற்குப் பின்னால் மற்ற பாகங்கள். முன்னால் நுழையும் அறைக் காற்று முதலில் பிராசஸர் மேல் பாய்ந்து, ஒரே நேர்வழியில் பின்னால் வெளியேறும். காற்றுக்கு வழி வைத்துவிட்டு, அந்த வழியில் பாகங்களை அடுக்கிய பெட்டி அது. எனக்கு இன்றும் அந்த அமைப்பின்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அது நிலைக்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை அதே 2004-ல் இன்டெல் கைவிட்டது. 2006-ல் வந்த கோர் 2 சில்லுகள் குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்தன. சூடே குறைந்தபின் புதுப் பெட்டிக்குத் தேவை இல்லாமல் போய், பி.டி.எக்ஸும் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. அதனால் 1995-ல் வந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பின் வழிவந்த பெட்டிகளைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம்.

அந்தப் பெட்டியில் நல்ல வழி எது? பொதுவாக முன்பக்கம் உள்ளிழுக்கும் விசிறி, பின்பக்கம் மேலே வெளித்தள்ளும் விசிறி. காற்று முன்னால் நுழைந்து, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டையும் பிராசஸரையும் தொட்டுக்கொண்டு பின்னால் போகும். இந்த இரண்டும் சரியாக இருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். நான்காவது, ஐந்தாவது விசிறிகளால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். தப்பான இடத்தில் வைத்தால் கெடுதலும் உண்டு. உதாரணமாக, மேல்மூடியில் முன்பக்கமாக ஒரு வெளித்தள்ளும் விசிறியை வைத்தால், அப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த காற்றைப் பிராசஸரைத் தொடும் முன்பே அது வெளியே தள்ளிவிடும். காற்று எப்போதும் தடை குறைவான வழியைத்தான் தேடும்.

சூடான காற்று மேலேதானே போகும், அது தானாகப் போய்விடாதா என்று கேட்பீர்கள். மேலேதான் போகும், ஆனால் மிக மெதுவாக. 10 டிகிரி சூடான காற்று மற்றக் காற்றைவிடச் சுமார் 3 சதவீதம்தான் லேசானது. சின்ன விசிறிகூட அதை எந்தப் பக்கமும் தள்ளிவிடும்.

விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். பெரும்பாலான விசிறிகளில் ஒரு பக்கம் இறக்கைகள் திறந்தபடி இருக்கும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். சட்டங்கள் உள்ள பக்கமாகக் காற்று வெளியேறும். சில விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும்.

80 மில்லிமீட்டர் விசிறியா, 120 மில்லிமீட்டர் விசிறியா என்றால், இடம் இருந்தால் பெரியதே நல்லது. 120-இன் வட்டப் பரப்பு 80-இன் பரப்பைப் போல 2.25 மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும், சத்தமும் குறையும். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகும். ஆனால் அதற்குத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும்! விசிறியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு, தடையில்லாத வெளியில் அளந்தது. கம்பி வலை, தூசு வடிகட்டி, கண்ணாடி முகப்பு எல்லாம் குறுக்கே வந்தால் அது வெகுவாகக் குறையும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் பார்க்க அழகாக இருக்கும். காற்று நுழைய ஓரத்தில் நல்ல இடைவெளி இல்லாவிட்டால் அதை வாங்க வேண்டாம் என்பேன்.

தூசைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அதில் தூசு அடை அடையாகப் படிந்தால் விசிறி சுற்றினாலும் காற்று புகாது. உள்ளே வரும் காற்று, வெளியே தள்ளும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி விசிறிகளை வைத்தால் இதைக் குறைக்கலாம். மிகுந்த காற்று பெட்டியின் இண்டு இடுக்குகள் வழியாக வெளியே கசியும். அந்த இடுக்குகள் வழியாகத் தூசு உள்ளே வர முடியாது. வடிகட்டி உள்ள வாசல் வழியாக மட்டும் காற்று வரும். வடிகட்டியை அவ்வப்போது கழற்றித் தட்டினால் போதும்.

கணினிக்குள் சூடு கூடினால் என்ன நடக்கும்? பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மத்தியான வெயிலில் விளையாட்டு திக்கித் திணறுகிறதே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இன்னும் சூடானால் கணினி தானாக அணைந்துவிடும். மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையில் உருளையாக நிற்கும் மின்தேக்கிகளும் பாதிக்கப்படும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு.

நம் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு பெட்டிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. கணினி மேசையின் அடியில் மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை இருக்குமே, அதற்குள் பெட்டியைத் தள்ளி, பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். பின்னால் வெளியேறும் சூடான காற்று போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் நுழைகிறது. அறை 32 டிகிரி இருக்கும்போது பெட்டி 40 டிகிரிக் காற்றைச் சுவாசிக்கிறது. உள்ளே எத்தனை விசிறி வைத்தாலும் பயன் இல்லை. கணினி ஓடும்போது மேலே துணியையோ பிளாஸ்டிக் உறையையோ போடுவதும் இதே தவறுதான். சில கேபினெட்டுகளில், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அடியில் இருக்கும், கீழிருந்து காற்றை இழுக்கும். அவற்றைக் கம்பளத்தின் மேலோ மெத்தை விரிப்பின் மேலோ வைக்கக் கூடாது.

உங்கள் கணினிக்குக் காற்று போதுமா? இரண்டு சோதனைகள் சொல்கிறேன். முதலாவதை நீங்களே செய்யலாம். மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்து, ஓடும் கணினியின் துளைகளுக்கு வெளியே பிடியுங்கள், உள்ளே விட வேண்டாம். உள்ளிழுக்கும் இடத்தில் கீற்று வலையோடு ஒட்டும், வெளித்தள்ளும் இடத்தில் படபடக்கும். எங்கே ஒட்டுகிறது, எங்கே பறக்கிறது என்று படம் வரைந்தால் உங்கள் பெட்டியின் காற்று வழி உங்கள் நோட்டில் இருக்கும்.

இரண்டாவதைப் பெரியவர் ஒருவரோடு செய்யுங்கள். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளைத் திறந்து, ஏதாவது கனமான வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு, பிராசஸர் எத்தனை டிகிரி என்று குறியுங்கள். பிறகு கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பக்கவாட்டு மூடியை எடுத்துவிட்டு, பிளக்கை மறுபடி மாட்டி, உள்ளே எதையும் தொடாமல் அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி மட்டும் இறங்கினால் உங்கள் பெட்டிக்கு மூச்சு நன்றாக இருக்கிறது. பத்து டிகிரி இறங்கினால் அது திணறிக்கொண்டிருக்கிறது. சோதனை முடிந்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்யும்போதும் பெரியவர் கூடவே இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியின் வெறும் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள். பிடிக்காவிட்டால் விசிறி கன்னாபின்னாவென்று சுற்றிப் பழுதாகலாம். ஈரத்துணி கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், புது விசிறி கேட்டு அப்பாவையோ அம்மாவையோ நச்சரிக்கும் முன், கணினிப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள். இழுப்பதற்கு முன்னும் இழுத்த பின்னும் பிராசஸர் எத்தனை டிகிரி என்று குறித்து எங்களுக்கு எழுதுங்கள்.